அச்சகத்து வீட்டுப் பிள்ளை

சென்ற நோன்புப் பெருநாளுக்கு டோஹாவிலிருந்து விடுமுறையில் வந்த என் தங்கை மகன், வீட்டுப் பெண்களுக்கு அத்தரும் துணியும், பிள்ளைகளுக்கு இனிப்பும் கொணர்ந்தான். எனக்கென்று அவன் தனியே எடுத்துவைத்தது ஒரு சிறு பெட்டி. அதனுள் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபூர் சன்சார்' ஆகிய மூன்று படங்களும் புதுக்கப்பெற்ற இறுவட்டுகளாய் இருந்தன. அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்னும் நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதி அது. கூடவே அதனை இயக்கும் கருவி ஒன்றையும் அவன் சுமந்து வந்திருந்தான். புளூரே வட்டுகளை விற்போர் உலகத்தை மூன்று வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். இலங்கையும் இந்தியாவும் ஒரு வலயம். அமெரிக்கா வேறொரு வலயம். அங்கே விற்கும் வட்டு இங்கே விற்கும் கருவியில் ஓடாது. வங்காளத்துக் கிராமத்தைப் பற்றி வங்காளி ஒருவர் எடுத்த படம், வங்காளத்திலும் நம் நாட்டிலும் ஓடாத வட்டிலே சிறைப்பட்டிருப்பது விந்தையன்றோ! எல்லா வலயத்து வட்டுகளையும் ஏற்கும் கருவியைத் தேடி வாங்கி வந்த பிள்ளைக்கு நான் கடமைப்பட்டவன்.

பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் இரவு, கல்முனையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஆசிரிய நண்பர் சிலர் கூடி முதற்படத்தைப் பார்த்தோம். படம் முடிந்ததும் இளைஞரான ஆசிரியர் ஒருவர், இவ்வளவு பெரிய படத்தை எடுத்தவர் யார், அவர் வரலாறு என்ன என்று வினவினார். அன்று அவருக்கு நான் சொன்னதையும், நேரம் போதாமையாற் சொல்லாது விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

சத்யஜித் ராய் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். அவர் பிறந்த வீடே ஓர் அச்சகம். கார்ப்பார் வீதியிலிருந்த அவ்வீட்டின் ஒரு பகுதியில் குடும்பம் வாழ்ந்தது. மறு பகுதியில் இயந்திரங்கள் ஓடின. பாட்டனார் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி ஓவியர், வயலின் வல்லுநர், சிறுவர் கதை எழுதியவர். அனைத்துக்கும் மேலாக, புகைப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறையைத் தாமே ஆராய்ந்து திருத்தி, அதுபற்றிய கட்டுரைகளை இங்கிலாந்தின் அச்சுத்தொழில் ஏடுகளில் வெளியிட்டவர். 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் சஞ்சிகையைத் தொடக்கினார். வங்கமொழியில் அச்சொல் செய்தியையும் குறிக்கும், ஒருவகை இனிப்பையும் குறிக்கும்; பிள்ளைகளுக்கு எது வேண்டுமென்று அறிந்த மனிதர்.

தந்தையார் சுகுமார் ராயும் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்றவரே. ஆயினும் வங்கம் அவரை நினைவிற் கொள்வது வேடிக்கைப் பாடல்களுக்காக. கறுப்புக் காய்ச்சல் என்னும் கொடுநோய் வாட்டப் படுக்கையிற் கிடந்தபடியே 'ஆபோல் தாபோல்' என்ற தம் பாடற்றொகுதியின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1923 செப்டெம்பரில் அவர் கண்மூடினார். நூலோ அதன் பின் சில நாட்களிலேயே வெளிவந்தது. அன்று தொட்டு இன்றுவரை வங்காளத்துப் பிள்ளைகள் அதனைப் பாடிவருகின்றனர். மகனுக்கு அப்போது இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் முகமோ குரலோ நினைவில் நிற்கும் வயதன்று அது. தந்தையை அவர் அறிந்ததெல்லாம் அச்சிட்ட தாள்களின் வழியாகவே. இதனைச் சற்று மனத்தில் இருத்திக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளில் அச்சகம் கடனில் மூழ்கிக் கைமாறிற்று. தாயார் சுப்ரபா மகனோடு தம் சகோதரர் வீட்டில் ஒதுங்கி, ஆசிரியத் தொழில் செய்து அவரை வளர்த்தார். பிரெசிடென்சிக் கல்லூரியிற் பொருளியல் படித்துப் பட்டம் பெற்ற மகனை, 1940இல் சாந்திநிகேதனுக்கு அனுப்பியதும் தாயின் விருப்பமே. அங்கே நந்தலால் போஸ், வினோத் விகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். பிற்காலத்தில் முற்றாகப் பார்வை இழந்த வினோத் விகாரியைப் பற்றி 1972இல் ராய் ஒரு குறும்படம் எடுத்தார். ஆசிரியரை மறவாத மாணாக்கர் என்பதற்காக இதனை நம் பள்ளிகளில் எடுத்துச் சொல்லலாம்.

வங்கத்தோடு நமது கரைக்கும் பழைய உறவுண்டு. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் இராமகிருஷ்ண சங்கத்தின் வழியே அதனை வளர்த்தார். த. நா. குமாரசாமி போன்றோரின் மொழிபெயர்ப்புகள் வங்க நாவல்களை நமது வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்தன. ஆதலின் பதேர் பாஞ்சாலியின் வறுமை நமக்கு அந்நியமானதாகத் தோன்றுவதில்லை.

1943இல் ராய் ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். பகலில் தேயிலைக்கும் பிஸ்கோத்துக்கும் விளம்பரம் வரையும் கைக்கு, சிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகம் நூலட்டை வரையும் பணியையும் தந்தது. விபூதிபூஷண் வந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கி வெளியிட்டபோது அதற்குச் சித்திரம் வரைந்தவரும் அவரே. வரைய வரைய, ஒவ்வொரு சித்திரமும் ஒரு காட்சியாக அவர் உள்ளத்தில் அசையத் தொடங்கிற்று. நாவலைப் படித்துப் படமெடுக்க நினைத்தவர் பலர்; நாவலை வரைந்து படமெடுக்க நினைத்தவர் இவர். 1947இல் நண்பர்களுடன் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினார். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்காக வங்காளம் வந்தபோது, இடம் தேடும் பயணங்களில் உடன் சென்றார். மறு ஆண்டு நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பிற்று. அங்கு தங்கிய மாதங்களில் நூற்றுக்கு ஒன்று குறைவாகப் படங்கள் பார்த்தார் என்பர். அவற்றுள் ஒன்று, இத்தாலியர் விட்டோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்'. நடிகர் அல்லாதாரைக் கொண்டு, தெருவெளியில், சொற்பச் செலவில் ஒரு பெரும்படம் எடுக்கலாம் என்ற துணிவை அப்படமே அவருக்குத் தந்தது.

1952 அக்டோபர் 27ஆம் நாள் படப்பிடிப்புத் தொடங்கிற்று. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா ஓர் இளைஞர். அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கியறியாதவர். அக்காள் துர்க்காவும் தம்பி அப்புவும் வெண்ணாணல் பூத்த வெளியில் இரயிலைத் தேடி ஓடும் காட்சியே முதலில் எடுக்கப்பட்டது. அடுத்த வாரம் மிகுதியை எடுக்கச் சென்றால் வெளி மொட்டையாய்க் கிடந்தது. மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்து தீர்த்திருந்தன! மீண்டும் பூக்கும் பருவம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. பணமும் அவ்வாறே வறண்டது. காப்புறுதிப் பத்திரம் போயிற்று; மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன; படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. அதற்கிடையே பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் என் செய்வது? பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி எண்பதை எட்டியவர். அவர் உயிர் நீங்கிவிட்டால் என் செய்வது? இறுதியில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. பதேர் என்ற சொல்லுக்குப் பாதையின் என்று பொருளாதலால், வீதி அபிவிருத்திக் கணக்கில் அத்தொகை பதியப்பட்டதெனச் சொல்வதுண்டு. அரசாங்கக் கணக்கேடுகளைப் பற்றி ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் நான் இதனை நம்புகிறேன்.

பண்டித ரவிசங்கர் ஓரிரவு முழுதும் இருந்து இசையமைத்துத் தந்தார். 1955 மே மாதம் நியூயோர்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் முதன்முதல் திரையிடப்பட்ட படம், ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் வெளிவந்தது. சுனிபாலா தேவி அந்நாளைக் காண இருக்கவில்லை. மறு ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருது கிட்டியது. அடுத்த படமான 'அபராஜிதோ' 1957இல் வெனிஸ் நகரின் தங்கச் சிங்கத்தைப் பெற்றது. மூன்றாவது 1959இல் வந்தது.

அதன்பின் அவர் எடுத்தவற்றையெல்லாம் வரிசையாக உரைத்தால் இக்கட்டுரை ஒரு பட்டியலாகிவிடும். 'ஜல்சாகர்', 'சாருலதா', பாட்டனார் கதையிலிருந்து எடுத்த 'கூப்பி காயின் பாகா பாயின்' ஆகியவற்றைப் பெயரளவிற் சுட்டி அமைகிறேன். அவர் வேலை செய்த முறையோ சற்று நின்று நோக்கத்தக்கது. சிவப்புத் துணியட்டை போட்ட கணக்கேடுகளில் ஒவ்வொரு காட்சியையும் முன்னரே வரைந்தார். 1961இல் வந்த படத்திலிருந்து இசையையும் தாமே அமைத்தார். உடையையும் விளம்பரத் தாளையும் வரைந்தார். ஆங்கில அச்செழுத்து வடிவங்களைக்கூட உருவாக்கினார். அதே 1961இல், நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' சஞ்சிகையை நண்பரோடு சேர்ந்து மீண்டும் உயிர்ப்பித்து, அதற்காகவே சிறுவர் கதைகள் எழுதலானார். பெலூடா என்னும் துப்பறிவாளன் அங்கேதான் பிறந்தான். முகமறியாத் தந்தையைப் பற்றி 1987இல் ஒரு குறும்படமும் எடுத்தார். அச்சகம் போயினும் அச்சகத்துப் பிள்ளை போகவில்லை.

தமிழர்க்கும் ஒன்று தந்தார். பதினான்கு வயதில் கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் பரதத்தைக் கண்டு மயங்கியவர், நாற்பதாண்டுகளுக்குப் பின் 1976இல் 'பாலா' என்னும் குறும்படத்தை எடுத்தார். கடற்கரையில், காற்று சேலையைப் பிடித்திழுக்க, அந்த மூதாட்டி ஆடும் காட்சி அதில் உண்டு. மங்கைப் பருவத்து ஆட்டம் பதிவாகாமற் போயிற்றே என்று வருந்துவோர் உளர். எனக்கோ அவ்வயதின் ஆட்டமே போதும் என்று தோன்றுகிறது. இலங்கையோடும் அவருக்குத் தொடர்புண்டு. 1965இல் புதுடில்லி விழாவில் நம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'கம்பெரலிய' தங்க மயிலைப் பெற்றபோது, நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராயே.

1983இல் இதயநோய் அவரைத் தாக்கிற்று. பின்வந்த படங்கள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே நிகழ்பவை. மருத்துவரின் கட்டளை அது. 1992இல் ஹொலிவூட் தன் கௌரவ விருதை வழங்க விழைந்தபோது அவர் கல்கத்தா மருத்துவமனையிற் படுத்திருந்தார். சிலை அங்கேயே கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 23இல் அவர் மறைந்தார்.

பிறரின் வாழ்க்கை வரலாறு இவ்விடத்தில் முடியும். இவருடையதை இங்கே முடிக்க இயலவில்லை. விருது விழாவிற் காட்டுவதற்காக அவர் படங்களிலிருந்து துண்டுகள் தேடியவர்கள், கிடைத்த பிரதிகளின் பழுதைக் கண்டு திகைத்தனர். அவற்றைக் காக்கும் முயற்சி அதிலிருந்தே தொடங்கிற்று. மூலச் சுருள்கள் சில லண்டனுக்கு அனுப்பப்பட்டன. எதிர்மறைச் சுருள் என்று நூலார் எழுதுவர். நெகட்டிவ் என்றாலே நம்மவர்க்கு விளங்கும். 1993 ஜூலையில், அவர் மறைந்து பதினைந்தே மாதத்தில், தென்லண்டனிலிருந்த ஹெண்டர்சன் திரைப்பட ஆய்வுகூடத்தில் தீப்பிடித்தது. அப்பு கதையின் மூன்று மூலச் சுருள்களும் அதில் அகப்பட்டன. காக்க எடுத்துச் சென்ற இடத்திலேயே எரிந்தன.

எஞ்சியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்கத் திரைப்பட அக்கடமி தன் காப்பகத்தில் எடுத்து வைத்தது. அவை ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் கருகி, தொட்டால் நொறுங்குவனவாய் இருந்தன. எந்த இயந்திரமும் அவற்றை ஏற்காது. இருபதாண்டுகள் அவ்வாறே கிடந்தன. 2013இல் கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றைத் திறந்து பார்க்கச் செய்தது. பின்னர் இத்தாலியின் பொலோனா நகரத்து ஆய்வுகூடமொன்றில், உலர்ந்த சுருளுக்கு மீண்டும் ஈரமூட்டி, உருகிய ஒட்டுகளை நீக்கி, உடைந்த பல்துளைகளைக் கையாற் சீர்செய்தனர். ஏறத்தாழ 1,000 மணிநேரம் கைவேலையே நடந்ததாம். ஒரு வினாடிக்கு 24 சட்டகம் என்றால், 125 நிமிடம் ஓடும் பதேர் பாஞ்சாலியில் 1,80,000 சட்டகங்கள். அவற்றுள் நூற்றுக்கு நாற்பது எரிந்த மூலத்திலிருந்தே மீட்கப்பட்டன. அபராஜிதோவில் அறுபதுக்கும் மேல். அபூர் சன்சாரின் மூலத்தில் மட்டும் பயன்படத்தக்க பகுதி ஒன்றும் எஞ்சவில்லை. குறைந்த பங்கையெல்லாம் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம், ஹார்வர்ட் காப்பகம் முதலிய இடங்களிலிருந்த பிரதிகளைக்கொண்டு நிறைத்தனர். பொலோனாவிற் சுருளைத் தடவிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு வங்காளி தெரிந்திருக்கும்?

என் கதையையும் இரண்டு வரி சொல்ல வாசகர் பொறுப்பாராக. இப்படத்தை முதலிற் கண்டது 1976இல், பேராதனையில் மாணவனாய் இருந்தபோது, கீறல் விழுந்த சிறு சுருளில். துர்க்கா மழையில் நனைந்து காய்ச்சலிற் கிடந்து இறக்கும் கட்டம் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கள் ராத்தாவும் அவ்வாறுதான் போனா. மாரிமழைக் காலம், பதின்மூன்று வயது. எனக்கு அப்போது ஒன்பது. ராத்தாவுக்கு ஒரேயொரு படம் இருந்தது, ஒரு பெருநாளன்று வாப்பா எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் எடுத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது கரையோரமிருந்த எங்கள் வீட்டோடு அதுவும் போயிற்று. அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் மாண்ட நாளில் ஒரு புகைப்படத்தை எண்ணி அழுவது அழகன்று. ஆதலால் நான் அதுபற்றி எவரிடமும் பேசியதில்லை. வேறு பிரதி எடுத்து வைக்கவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

புதுக்கிய படத்தில் இம்முறை நான் எழுந்து போகவில்லை. துர்க்கா இறந்தபின், தந்தை ஊரிலிருந்து மகளுக்குச் சேலையோடு திரும்புகிறார். தாய் அழுகிறாள், அவள் குரலுக்குப் பதிலாகத் தார்ஷெனாய் என்னும் கருவியின் ஓலமே கேட்கிறது. பின்னர் வீடு காலிசெய்கையில், அக்காள் திருடவில்லையென்று சாதித்த பாசிமணி மாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மாலையை விழுங்கி, மெல்லமெல்லக் கூடி மூடிக்கொள்கிறது. முன்பு பார்த்தபோது கீறல்களுக்கிடையே குளம் மட்டுமே தெரிந்தது. இப்போது பாசியின் ஒவ்வோர் இலையும் தெரிகிறது. அச்சட்டகங்கள் எரிந்த மூலத்திலிருந்து வந்தவையா, வேறெங்கோ இருந்த பிரதியிலிருந்து வந்தவையா என்று உற்று உற்றுப் பார்த்தேன். ஒட்டிய இடம் கண்ணுக்குப் படவேயில்லை. துர்க்காவாக நடித்த உமா தாஸ்குப்தா அம்மையார் அதன்பின் திரையுலகின் பக்கமே செல்லாது வாழ்ந்து, 2024 நவம்பரிற் காலமானார்.

குறையொன்றும் சொல்லவேண்டும். அவ்வட்டில் ஆங்கில வரிகளே ஓடுகின்றன. தமிழ் வரி இல்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது நானே பக்கத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொல்கிறேன். பாதியில் தொண்டை கட்டிவிடுகிறது. மாணவர் யாரேனும் அவ்வரிகளைத் தமிழில் ஆக்கித் தர முன்வருவாராயின் என் குறிப்பேட்டைத் தருவேன். 2025 மே மாதம் கான் விழாவில், ராயின் 'அரண்யேர் தின் ராத்ரி'யும், நம் நாட்டுச் சுமித்ரா பீரிஸ் அம்மையார் 1978இல் எடுத்த 'கெஹெனு லமாய்'யும் புதுக்கப்பட்டு ஒரே பிரிவிற் காட்டப்பட்டன. இவ்விரண்டின் வட்டுகளும் எங்கள் ஊருக்கு வந்துசேரும் நாளை எதிர்நோக்கியிருக்கிறேன். மருமகனுக்கு இப்போதே எழுதிவிட்டேன்.

பெட்டி இப்போது என்னிடம் இல்லை. முதல் வட்டு நிந்தவூரில் ஓர் ஆசிரியர் வீட்டில் இருக்கிறது, இரண்டாவது மருதமுனையில். மூன்றாவதை இரவல் வாங்கிப்போனவர் யாரென்று என் குறிப்பேட்டில் எழுத மறந்துவிட்டேன். இதனைப் படிப்பவர் அவராக இருந்தால், அவசரமில்லை, பார்த்துவிட்டுத் தரட்டும்.